எந்த ஆட்சி முறையாவது முழுக்க நியாயமாக இருக்க முடியுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி வார்டு உறுப்பினர்கள், மகளிர் குழுவினர், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்கு அரசமைப்புச் சட்டம் பற்றிப் பல ஆண்டுகளாக வகுப்பு எடுத்து வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் பாடம் முடிந்து தேநீர் வரும் நேரத்தில் யாராவது ஒருவர் இதே கேள்வியைத்தான் எழுப்புகிறார். அப்போது கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நியாயம், சமத்துவம் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்குத் தனித்தனியாப் பேசுறீங்க?

பல நேரங்களில் இரண்டும் சேர்ந்தே வரும். சில நேரங்களில் பிரிந்து நிற்கும். ஒரு சோப்புக் கட்டிக்குத் தினக்கூலிக்குப் போகும் பெண்ணும் ஆலை முதலாளியும் ஒரே வரியைத்தான் செலுத்துகிறார்கள். தொகையில் அது சமம். ஆனால் அவரவர் வருமானத்தில் அந்த வரி எத்தனை பங்கு என்று பார்த்தால், கூலிக்காரப் பெண் சுமப்பதே கூடுதல். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்பதற்கு இந்த ஒரு சோப்பே போதும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் தெருமுனையிலேயே இருக்கிறது. 1997-இல் மத்திய அரசு பொது விநியோகத் திட்டத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என இரண்டாகப் பிரித்தபோது, தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்கும் ரேஷன் அரிசி என்ற முறையையே தொடர்ந்தது. "கார் வைத்திருப்பவருக்கு எதற்கு அரிசி?" என்று இன்றும் கேட்கிறார்கள். ஆனால் ஏழைகளைப் பொறுக்கியெடுத்துப் பட்டியல் போடும்போது விடுபட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் பரிந்து பேச ஆளில்லாதவர்கள்தான்: ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர்கள், தனித்து வாழும் விதவைகள், கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்கள். இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுப்பதே நியாயத்துக்கு நெருக்கமாக இருந்தது. எனவே ஒவ்வொரு முறையும் எதைச் சமமாக்குகிறோம், அதனால் யார் விடுபடுகிறார் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

ஆளுக்கு ஒரு ஓட்டு இருக்கு. அதுக்கு மேல என்ன சமத்துவம் வேணும்?

இந்தக் கேள்விக்கான பதிலை அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்றே அரசமைப்பு அவையில் சொல்லிவிட்டார். 1950 ஜனவரி 26 அன்று நாம் முரண்பாடுகள் நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, அந்த வாக்குக்கு ஒரே மதிப்பு என்று ஏற்றுக்கொண்டு, சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் அதை மறுத்துக்கொண்டே இருக்கப் போகிறோம் என்பது அவர் பேச்சின் சாரம்.

வாக்கின் மதிப்பும்கூட நாம் நினைக்கும் அளவுக்குச் சமமாக இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் மல்காஜ்கிரி தொகுதியில் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். இலட்சத்தீவில் சுமார் 55 ஆயிரம் பேர். இரண்டிலிருந்தும் தலா ஓர் உறுப்பினர்தான். இலட்சத்தீவை ஏதேனும் ஒரு பெரிய தொகுதியோடு சேர்த்துவிட்டால் கணக்கு நேராகும். அந்தத் தீவு மக்களின் குரல் அதோடு காணாமல் போகும். அமெரிக்க செனட் சபை இதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு கொண்டது: ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும், 6 லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கும் தலா இரண்டு உறுப்பினர்கள்.

மக்கள்தொகைக்கு ஏத்த மாதிரி தொகுதிகளைத் திருப்பிப் பிரிச்சா இது சரியாயிடுமே?

தனி மனிதர்களின் கணக்குச் சரியாகும், மாநிலங்களின் கணக்குப் பிழையாகும். 1976-இல் 42ஆம் திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை அக்கறையோடு செயல்படுத்திய மாநிலங்கள் அதற்காக இடங்களை இழக்கக் கூடாது என்பதே காரணம். 2001-இல் 84ஆம் திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை அதை நீட்டித்தது.

இதைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது நம் பக்க நியாயம் மட்டும் நமக்கு எளிதில் தெரிகிறது. நாட்டின் சொல்லைக் கேட்டு நடந்த மாநிலத்தைத் தண்டிக்கலாமா என்று கேட்கிறோம், அந்தக் கேள்வி சரியானது. ஆனால் பீகாரில் இன்று 18 வயதாகும் ஒரு பெண், "1971-இல் என் பாட்டி எத்தனை பிள்ளை பெற்றார் என்பதற்காக என் வாக்கின் எடை ஏன் குறைய வேண்டும்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியும் சரியானதே. தனி மனிதருக்கான சமத்துவமும் மாநிலங்களுக்கிடையிலான சமத்துவமும் ஒரே அவையில் முழுமையாகப் பொருந்தி வராது. நான் மாநிலங்களின் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு சொல்கிறது. அப்படிச் சாய்வதால் அந்தப் பீகார்ப் பெண்ணுக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விகிதாச்சார முறை வந்தால் நியாயமான முடிவு வருமா?

கட்சிகள் பெற்ற வாக்குப் பங்குக்கு ஏற்ப இடங்களைத் தரும் இந்த முறை, இப்போதைய முறையைவிட ஒரு வகையில் நியாயமாக இருக்கும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக சுமார் 44 சதவீத வாக்குகளோடு 39-இல் 37 இடங்களைப் பெற்றது. ஏறத்தாழ 23 சதவீதம் பெற்ற திமுகவுக்கு ஓர் இடம்கூட இல்லை. விகிதாச்சார முறையில் இப்படி நடக்காது. நியூசிலாந்து 1993-இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, 1996 தேர்தலிலிருந்து இந்த வழிக்கு மாறியது.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காது. தேர்தலுக்குப் பிறகு மூடிய அறையில் நடக்கும் பேரத்தில் ஆட்சி உருவாகும். மிகச் சிறிய கட்சி, தன் வாக்குக்குப் பொருந்தாத அளவுக்கு நிபந்தனை விதிக்கும். இதைத் தடுக்க ஜெர்மனி 5 சதவீதம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. அப்படி வைத்தால் 4.9 சதவீதம் வாக்களித்தவர்கள் பொதுவாக வெளியே நிற்பார்கள்.

அப்போ எல்லாரோட விருப்பத்தையும் சரியா எடுத்துச் சொல்ற தேர்தல் முறையே உலகத்துல இல்லையா?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும்போது, நாம் நியாயமென்று கருதும் சில எளிய நிபந்தனைகளை எல்லாச் சூழலிலும் ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை வாக்கு முறை எதுவும் இருக்க முடியாது என்பதைப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951-இல் கணித வழியில் நிறுவினார். அந்தச் சிக்கலின் வேர் 1785-லேயே பிரான்ஸ் நாட்டுக் கோந்தொர்சே கண்டறிந்த ஒரு புதிர். வகுப்பில் அதைக் கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டுவேன்.

ஓர் ஊரில் மூன்று தெருக்கள், தெருவுக்கு 30 வீடுகள். இருக்கும் நிதியில் தண்ணீர்த் தொட்டி, சாலை, நூலகம் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் கட்ட முடியும். கீழத்தெருவின் வரிசை தொட்டி, சாலை, நூலகம். மேலத்தெருவுக்குச் சாலை, நூலகம், தொட்டி. வடக்குத்தெருவுக்கு நூலகம், தொட்டி, சாலை. தொட்டியா சாலையா என்று கேட்டால் 60 வீடுகள் தொட்டி என்கின்றன. சாலையா நூலகமா என்றால் 60 வீடுகள் சாலை என்கின்றன. அப்படியானால் தொட்டிதான் முதலிடம் என்று நினைத்து, நூலகமா தொட்டியா என்று கேட்டுப் பாருங்கள். 60 வீடுகள் நூலகம் என்கின்றன. ஊரார் யாரும் குழம்பவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை; ஆனாலும் ஊரின் விருப்பம் வட்டமடிக்கிறது.

இதில் நடைமுறைக்கு உதவும் ஒரு பாடம் உண்டு. முதலில் தொட்டியையும் சாலையையும் மோதவிட்டு, வென்றதை நூலகத்தோடு மோதவிட்டால் நூலகம் வெல்லும். முதலில் சாலையையும் நூலகத்தையும் மோதவிட்டால் கடைசியில் தொட்டி வெல்லும். அதாவது எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தீர்மானிப்பவர், கை தூக்காமலேயே முடிவைத் தீர்மானித்துவிடுகிறார். ஆகவே கிராம சபைக்குப் போகிறவர்களிடம், பொருள் நிரலை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படியுங்கள் என்று சொல்கிறேன்.

நம்ம உத்திரமேரூர்ல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடவோலை இருந்துச்சே, அது நியாயமான முறைதானே?

அந்தக் கல்வெட்டை நேரில் நின்று பார்த்தவர்களுக்கு ஏற்படும் பெருமிதம் எனக்கும் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாக (இன்றைய வார்டு போன்ற பகுதிகளாக) பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்ந்தவர்கள் ஆட்டை வாரியம் (ஆண்டு நிர்வாகக் குழு), தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பொறுப்பேற்றார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி வர முடியாது. இன்று நாம் எழுதத் தயங்கும் அளவுக்குக் கடுமையான விதி அது.

ஆனால் அதே கல்லில் தகுதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவை) மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தில் நடவு நட்டவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. பெண்களின் பெயரும் ஏறவில்லை. ஏதென்ஸ் நகரில் சீட்டுக் குலுக்கிப் பதவிகளை நிரப்பியபோதும் அடிமைகளும் பெண்களும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் வெளியேதான் இருந்தார்கள். குடத்துக்குள் போன ஓலைகளுக்கிடையே முழுச் சமத்துவம் இருந்தது. எந்தப் பழைய முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் குடத்துக்குள் போகாத ஓலைகளைத் தேடும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

சொத்தையெல்லாம் பொதுவாக்கிவிட்டால் மேல், கீழ் என்பதே இருக்காதே?

சோவியத் ஒன்றியம் அந்த முயற்சியைப் பேரளவில் செய்து பார்த்தது. கல்வியிலும் மருத்துவத்திலும் பெண்களின் வேலைவாய்ப்பிலும் அது சாதித்தவற்றைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். எனினும் நிலமும் ஆலையும் அரசின் கைக்குப் போனபோது, அரசு யார் கையில் என்ற கேள்வி மிஞ்சியது. கட்சியின் மேல்மட்டத்தினருக்குத் தனிக் கடைகளும் தனி மருத்துவமனைகளும் வந்தன. 1932-இல் கொண்டுவந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டு கூட்டுப் பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு 1970-கள் வரை கிடைக்கவில்லை; அது இல்லாமல் நகரத்துக்குக் குடிபெயர முடியாது. உழவர்களின் பெயரால் நடந்த ஆட்சியில் உழவரால் ஊரைவிட்டு வெளியேற முடியவில்லை. அவர் போய் முறையிடக் கட்சிக்கு வெளியே ஓர் இடமும் இல்லை.

மனுநீதிச் சோழன் மாதிரி ஒரு நல்லவர் கையில கொடுத்துட்டா இந்தக் குழப்பமெல்லாம் எதுக்கு?

அந்தக் கதையில் எல்லோரும் தேர்க்காலைப் பற்றியே பேசுகிறோம். என் மனம் அரண்மனை வாசலில் தொங்கிய மணியிலேயே நிற்கிறது. கன்றை இழந்த பசு, யாரிடமும் அனுமதி கேட்காமல், வாயில் காவலரைக் கெஞ்சாமல் வந்து அசைக்க முடிந்த மணி அது. மணி இல்லாவிட்டால் அரசனின் நற்குணம் பசுவுக்கு எட்டியிருக்காது. நீங்கள் கேட்கும் ஏற்பாட்டின் குறை, மணியைக் கட்டியவரே அதைக் கழற்றிவிடலாம் என்பதுதான்.

என்னைப் பொறுத்தவரை ஓர் ஆட்சி முறையை அளக்க இதைவிட நல்ல கோல் இல்லை: அநீதி இழைக்கப்பட்டவர் அடுத்து என்ன செய்ய முடியும்? தவறே செய்யாத ஆட்சி எங்கும் இருந்ததில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அன்றைக்கு மணி கழற்றப்பட்டது. மறு ஆண்டுத் தேர்தலில் மக்கள் அந்த ஆட்சியை மாற்றினார்கள், பிறகு 44ஆம் திருத்தம் உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான பாதுகாப்பை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. ஒரு மணி போனாலும் இன்னொரு மணி மிஞ்சியிருந்ததால்தான் இது நடந்தது.

பெரும்பான்மை மக்கள் தேர்ந்தெடுத்த சபை சட்டப்படி முடிவு எடுத்தால் அது எப்படி அநியாயமாகும்?

இலங்கையில் 1931-லேயே வயது வந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது, இந்தியாவுக்கு 20 ஆண்டுகளுக்கு முன்பு. விடுதலை பெற்ற அதே 1948-இல், தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர், முன்னோர் அங்கே பிறந்ததற்கான சான்றைக் காட்ட முடியாமல் குடியுரிமை இழந்தார்கள். அடுத்து வாக்காளர் பட்டியலிலிருந்தும் நீங்கினார்கள். எல்லாம் சட்டப்படி, கை தூக்கி, எண்ணி நடந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமாகப் பங்கு பிரித்தது, அவர்களைக் கேட்காமலே. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003-இல்தான் வந்தது. நீலகிரியிலும் கூடலூரிலும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு அவர்கள் முன்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை.

முந்தைய பதிலில் சொன்ன கோலை இங்கே வைத்துப் பாருங்கள். தோற்றவர் அடுத்த தேர்தலில் வெல்லலாம் என்பதுதான் பெரும்பான்மை முடிவை நாம் ஏற்பதற்கான அடிப்படை. வாக்கையே பறித்துவிட்டால் அடுத்த தேர்தல் என்பது அவருக்கு இல்லை. சுவிட்சர்லாந்தில் மக்களே நேரடியாக வாக்களித்துச் சட்டம் இயற்றுகிறார்கள். அங்கே பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை 1971-இல்தான் கிடைத்தது, ஏனென்றால் அதை வழங்கலாமா என்று வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே.

இடஒதுக்கீடே சமத்துவத்துக்கு விரோதம்தானே? ஒரு பக்கம் சமம்னு சொல்லிட்டு இன்னொரு பக்கம் ஒதுக்குறீங்களே?

இதே வாதத்தை ஏற்றுத்தான் 1951-இல் உச்ச நீதிமன்றம் சாதி, மத வாரியாக இடங்களைப் பிரித்துத் தந்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு அதே ஆண்டு முதலாவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. சோப்பையும் ரேஷன் அரிசியையும் பற்றி முதல் பதிலில் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

ஒதுக்கீடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒதுக்கியபோது வந்த எதிர்ப்பே சாட்சி. 1996-இல் மதுரை மாவட்டத்தின் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வென்று பொறுப்பேற்ற முருகேசன் உட்பட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தேர்தலே முறையாக நடக்கவிடாமல் பத்து ஆண்டுகள் தடுத்தார்கள், 2006-இல்தான் நடந்தது. வாக்குரிமையை ஏட்டில் எல்லோருக்கும் சமமாக எழுதிவைத்து 46 ஆண்டுகள் ஆன பிறகு நிகழ்ந்தவை இவை.

பெண்களுக்கு 50 சதவீதம் கொடுத்தும் புருஷன்தானே தலைவர் நாற்காலியில உக்கார்றார்?

பல ஊர்களில் உண்மை, மறுக்க மாட்டேன். தமிழ்நாட்டில் 2016-இல் உள்ளாட்சிகளுக்கான இந்த ஒதுக்கீடு சட்டமானது. நான் பார்வையாளராகப் போயிருந்த ஒரு கிராம சபையில், தலைவரம்மா மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்க, அவர் கணவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வரவு செலவைப் படித்தார். தீர்மானப் புத்தகம், எழுதப்படாத வெற்றுப் பக்கங்களோடு, கையெழுத்துக்காகப் பெண்கள் அமர்ந்திருந்த பாய்க்கு வந்தது. வேலைக்குப் போய்த் திரும்பிய மண் காலோடு இருந்த ஒரு அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு தலைவரம்மாவே வாசிக்கட்டும், அப்புறம் போடுறேன்" என்றார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவரம்மா எழுந்து, கணவர் கையிலிருந்த தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார். மூன்றாவது பத்தியில் இருந்த ஒரு தொகையை அவரே நிறுத்தி, "இது எந்த வேலைக்கு?" என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டார்.

அந்த நாற்காலி ஒதுக்கப்படாமல் இருந்திருந்தால் வாங்குவதற்குத் தாளும் இருந்திருக்காது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை என்று விதி இருப்பதன் பயனும் இங்கேதான் தெரிகிறது. மார்ச் 22-இல் கேட்க முடியாததை மே 1-இல் கேட்கலாம்.

ஜெயில்ல இருக்கிறவர் தேர்தல்ல நிக்கலாம், ஆனா ஓட்டுப் போட முடியாதுங்கிறது உண்மையா?

உண்மைதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 62(5)ஆம் பிரிவின்படி, சிறையிலோ காவல்துறையின் காவலிலோ இருப்பவர் வாக்களிக்க முடியாது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு. 2013-இல் செய்த திருத்தத்தால், அவர் தண்டனை பெற்றுத் தகுதி இழக்காதவரை வேட்பாளராக நிற்கலாம். உச்ச நீதிமன்றம் 1997-இல் இந்த வாக்குத் தடையை ஏற்றுக்கொண்டது.

இதை நான் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், குடத்துக்குள் போகாத ஓலை இன்றைக்கும் இருக்கிறது என்பதுதான். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்; குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஒரே வழக்கில், ஒரே குற்றச்சாட்டில் கைதான இருவரில், பிணைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களைக் கொண்டுவர முடிந்தவர் வெளியே வந்து வரிசையில் நின்று வாக்களிப்பார். சொத்துள்ள இரண்டு பேரைத் தெரியாத மற்றவர், தேர்தல் நாளன்று சிறைக்குள் இருப்பார்.